நெய்வேலி நகரியமும் நிழலின் கட்டடக்கலையும்

ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் 1930களில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட பழுப்பு நிலக்கரி, 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவாக வழிவகுத்ததையடுத்து, சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் நம்பி வந்தோருக்காக, ‘வட்டம்’ எனப்படும் எண்ணிட்ட பகுதிகளாக ஒரு நகரியம் எழுந்தது. அதே 1956இல்தான் மேக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் ட்ரூ இணையர் ஈரவெப்ப மண்டலக் கட்டடக்கலை பற்றிய தம் நூலை லண்டனில் வெளியிட்டனர். நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அவர்கள் வரைந்த மாணவர் விடுதிகள், எதிரெதிர்த் திறப்புகளின் வழியே காற்று அறையைக் கடந்து செல்லும் குறுக்குக் காற்றோட்டத்தையே பெரிதும் நம்பின. கட்டடத்தின் நீள்பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கினால், காலை மாலைச் சாய்வெயில் சுவரில் படுவது குறையும்.

நெய்வேலியின் சிறப்பு, சுவரைவிட மரத்தில் இருக்கிறது எனலாம். 1962இல் சோவியத் உதவியுடன் மின்னுற்பத்தியைத் தொடங்கிய ஊர், மின்சாரம் கேளாத குளிர்ச்சியையும் சாலையோரங்களில் வளர்த்தது வியப்புக்குரியதே. இலைகள் நீரை ஆவியாக வெளிவிடும் நீராவிப்போக்கு, நிழலுக்கு மேலும் வெப்பத்தைத் தணிக்கிறது. ஆயினும் பகலில் வெயிலை உள்வாங்கும் தட்டைக் கான்கிரீட் கூரை, மாணவர் படிக்க அமரும் முன்னிரவில்தான் அவ்வெப்பத்தை அறைக்குள் இறக்குகிறது.