கல்லீரல், பித்தப்பைத் தமனிகளின் வேறுபாடுகள்

கல்லீரலுக்கும் பித்தப்பைக்குமான தமனிக் குருதி, பெருந்தமனியின் வயிற்றுக் கிளையான சீலியாக் தண்டிலிருந்து பிரியும் பொதுக் கல்லீரல் தமனி வழியே வருவதே பாடநூல் அமைப்பு எனினும், 1966-இல் உடற்கூற்றியலாளர் மிச்செல்ஸ் 200 உடல்களை அறுத்தாய்ந்து வகுத்த பத்து வகைகளில் அது ஏறத்தாழ 55 விழுக்காடே இருந்ததால், ஏனையவற்றைக் குறைபாடாகக் கருதுவது பொருந்தாது. வலக் கல்லீரல் தமனி மேல் குடல்தாங்கித் தமனியிலிருந்தும், இடக் கல்லீரல் தமனி இடது இரைப்பைத் தமனியிலிருந்தும் தோன்றுவதுண்டு. வழக்கமான கிளைக்கு ஈடாக வருவது மாற்றுத் தமனி, அதனோடு கூடுதலாக வருவது துணைத் தமனி. பித்தப்பைத் தமனி பெரும்பாலும் வலக் கல்லீரல் தமனியின் கிளையாகும். அவ்வலத் தமனி சிலரிடம் கம்பளிப்பூச்சியின் முதுகுபோல் வளைந்து பித்தப்பையை நெருங்குவதால், பித்தப்பையை அகற்றும்போது அதையே பித்தப்பைத் தமனியெனப் பிழையாகக் கொண்டு துண்டித்துவிடும் இடர் உண்டு. கல்லீரல் மாற்று அறுவைக்கு முன்னர் சிடி ஆஞ்சியோகிராம் மூலம் இத்தமனிகளின் அமைப்பு அறியப்படுகிறது.