சாம்பிராணிப் புகையின் வரலாறும் நம் வீட்டுப் பாதுகாப்பும்



திருச்சி பெரிய கடைவீதியில் வியாழன் மாலையிலோ வெள்ளிக்கிழமையிலோ நடந்து சென்றவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. தோளில் துணிப்பை, ஒரு கையில் கனல் நிறைந்த சாம்பிராணிச் சட்டி, மறு கையில் விசிறி. பாவா ஒருவர் கடை கடையாக ஏறி இறங்குவார். ஒரு சிட்டிகைப் பொடியைக் கனலில் தூவி விசிறுவார். புகை கல்லாப்பெட்டி வரை சென்று சூழும். கடைக்காரர் எந்தச் சமயத்தவர் என்று பாவா பார்ப்பதில்லை. கடைக்காரரும் அவரை வெறுங்கையுடன் அனுப்புவதில்லை. காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்து வீடுகளிலும் விளக்கேற்றியபின் தூபம் காட்டும் வழக்கம் உண்டு. ஆற்றின் இரு கரையிலும் ஒரே மணம்.

இந்த மணம் நம்மூருக்கு எங்கிருந்து வந்தது? நம் மூத்தோர் இதனை எவ்வாறு கையாண்டனர்? இன்று நாம் எதைக் கைவிட்டோம்? இவற்றைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறையூரும் கடல் வாணிபமும்

தமிழர்க்கு நறும்புகை புதியதன்று. சங்க இலக்கியமான நெடுநல்வாடை, கூதிர்க்கால மகளிர் அகிற்புகையால் கூந்தலுக்கு மணமூட்டியதைக் காட்டுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'செங்கடல் பயண நூல்', அரபு நாட்டின் தென்கரையில் விளையும் குந்திரிக்கத்தையும் அதனை ஏற்றிச் சென்ற துறைமுகங்களையும் விரிவாகக் கூறுகிறது. அதே நூல் 'அர்காரு' என்னும் ஊரின் மெல்லிய துணிகளையும் குறிப்பிடுகிறது. அவ்வூர் நம் உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. குந்திரிக்கம் விளைந்த கரையும் உறையூர்த் துணி நெய்த தறியும் ஒரே கடல்வழியின் இரு முனைகளாக இருந்தன.

அரபு வணிகரின் வருகைக்குத் திருச்சியிலேயே சான்று உண்டு. கோட்டை ரயில் நிலையத்தின் அருகிலுள்ள சிறிய கல்லுப்பள்ளி, ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734-ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனக் கூறப்படுகிறது. பின்னர் கி.பி. 1015-இல் சீனப் பேரரசரின் அவையை அடைந்த சோழத் தூதுக்குழு, முத்துகளோடும் யானைத் தந்தங்களோடும் குந்திரிக்கத்தையும் காணிக்கையாகக் கொண்டு சென்றதாகச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. அரபுக் கரையின் சரக்கு சோழநாட்டு வணிகர் கைகளின் வழியே கீழ்த்திசைக்கும் சென்றிருக்கிறது என்பதை இதனால் உணரலாம்.

இரண்டு பிசின்கள், ஒரு பெயர்

இன்று கடைகளில் பெயர்கள் குழம்பிக் கிடக்கின்றன. அரபியில் 'லுபான்' எனப்படும் குந்திரிக்கம், ஓமானின் ளுஃபார் பகுதி, யெமன், சோமாலியா ஆகிய வறண்ட நிலங்களில் வளரும் மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கப்படுவது. பால்போல் வடிந்து, காற்றுப்பட்டு, மணிகளாக இறுகும். ளுஃபாரின் குந்திரிக்க நிலங்களும் பழந்துறைமுகங்களும் 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

நாம் பெரும்பாலும் சாம்பிராணி என்று வாங்குவதோ சுமத்ரா தீவைச் சார்ந்த வேறொரு மரத்தின் பிசின். அரபு வணிகர் இதனை 'லுபான் ஜாவி' என்றனர். சுமத்ராவை அவர்கள் ஜாவா என்றே அழைத்தனர். 14-ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற இப்னு பதூதாவும் அம்மரத்தை வர்ணித்துள்ளார். இச்சொல் ஐரோப்பியர் நாவில் தேய்ந்து 'பென்சாயின்' ஆயிற்று. வேதியியலில் நாம் படிக்கும் 'பென்சீன்' என்னும் பெயரும் இதன் வழி வந்ததே.

அந்தச் சுமத்ராவின் மேற்குக் கரையில், கற்பூரத்திற்கும் சாம்பிராணிக்கும் பெயர்பெற்ற பாருஸ் பட்டினத்தில், கி.பி. 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. அதனைப் பொறித்தவர்கள் ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர். ஆக, நம் வீட்டுச் சட்டியில் புகையும் பிசினின் பின்னே அரபு மாலுமிகளும் தமிழ் வணிகரும் சேர்ந்து உழைத்த ஆயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது.

மூத்தோர் வைத்திருந்த ஒழுங்கு

இஸ்லாமிய வரலாற்றிலும் நறும்புகைக்கு இடமுண்டு. மதீனாப் பள்ளிவாசலுக்குப் புகையிட்டு மணமூட்டிய பணியால் நுஐம் என்னும் ஹதீஸ் அறிவிப்பாளருக்கு 'முஜ்மிர்' என்ற சிறப்புப் பெயர் நிலைத்தது. அதே மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளிருந்தோர் மீதே எரிந்தபோது, நெருப்பு உங்களுக்குப் பகை. உறங்கும்முன் அதனை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். மணத்தை விரும்பிய சமுதாயத்திற்கே நெருப்பைப் பற்றிய எச்சரிக்கையும் வழங்கப்பட்டது.

நம் பாட்டிமார் இதனை ஏட்டில் படித்துச் செய்யவில்லை, பழக்கத்தில் வைத்திருந்தனர். அடுப்புக்கரியை முற்றத்தில் வைத்து, புகை அடங்கிச் செங்கனல் ஆகும் வரை விசிறுவர். மண்சட்டியின் அடியில் சாம்பல் பரப்பி, அதன்மேல் கனலை வைப்பர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு சிட்டிகை மட்டும் தூவி, அறை அறையாகச் சென்று மீண்டும் முற்றத்திற்கே கொண்டுவந்துவிடுவர். ஓட்டு வீட்டின் இடுக்குகளும் நடுமுற்றமும் புகையை வெளியேற்றின. சட்டி எந்த அறையிலும் தங்கியதில்லை.

வீடு மாறியது, வழக்கம் மாறவில்லை

இன்று உறையூரிலும் தில்லைநகரிலும் ஸ்ரீரங்கத்திலும் முற்றமுள்ள வீடுகள் அருகி, அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. சன்னல் மூடிய குளிர்சாதன அறை, நைலான் திரை, நுரைமெத்தை, சமையலறையில் எரிவாயு உருளை என வீடு முழுவதும் மாறிவிட்டது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் பிள்ளைகள் ஸலாலாவின் லுபானும், தீக்குச்சி காட்டியதும் பற்றிக்கொள்ளும் வட்டக் கரியும் கொண்டுவருகின்றனர். அக்கரியில் வெடியுப்புக் கலந்திருப்பதால் பொறி தெறிக்கும். கப் சாம்பிராணியின் அடிப்பகுதி எரிந்து முடியும்போது தட்டு கடுமையாகச் சூடாகும். கருவிகள் மாறிய அளவுக்கு நம் எச்சரிக்கை வளரவில்லை.

நெருப்பை எளிதாக எண்ணியதன் விலையை நம் வட்டாரம் அறியும். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில், வீடியோ விளக்கின் மின்சாரத்திலிருந்து கீற்றுப் பந்தலில் பற்றிய தீ மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் கருகினர். இவ்விரண்டிற்கும் சாம்பிராணி காரணமன்று. ஆயினும் சிறு பொறி எவ்வளவு விரைவில் கைமீறும் என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டியதில்லை.

தீயைவிட மறைவான ஆபத்து ஒன்றும் உண்டு. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வெளிவருகிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. சாம்பிராணி மணம் அதனை மாற்றுவதுமில்லை. மூடிய அறையில் தலைவலி, மயக்கம், குமட்டல் எனத் தொடங்கி உயிரையே பறிக்கவல்லது. புகையின் நுண்துகள்களும் நுரையீரலைத் தாக்கும். நறும்புகை அன்றாட வழக்கமாக உள்ள ஓமானில் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வு, ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு அப்புகை இளைப்பைத் தூண்டுவதைக் கண்டறிந்தது. குளிப்பாட்டிய பச்சிளங்குழந்தையின் தலைக்குப் புகை காட்டும் வழக்கத்தை நாம் கைவிடுவதே நலம். மென்துணியால் துடைத்தாலே தலை உலர்ந்துவிடும். சாம்பிராணி மணப்பொருள், மருந்தன்று.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கரியை மொட்டைமாடியிலோ பால்கனியிலோ பற்றவைத்து, மேலே சாம்பல் பூத்தபின் உள்ளே கொண்டுவாருங்கள். வட்டக் கரியை இடுக்கியால் பிடித்தே பற்றவையுங்கள்.

2. கனமான மண் அல்லது பித்தளைத் தூபக்காலில் மணலோ சாம்பலோ பரப்பி, அதன்மேல் கனலை வையுங்கள். பாய், பிளாஸ்டிக், மேசைவிரிப்பு ஆகியவற்றின் மீது வைக்காதீர்கள்.

3. பட்டாணி அளவுப் பிசின் போதும். அள்ளிப் போட்டால் பிசின் உருகித் தீப்பிழம்பாக எழும். மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ ஊற்றவே கூடாது.

4. சன்னல்களைத் திறந்துவைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடுங்கள். திரைச்சீலை, துப்பட்டா, எரிவாயு உருளை ஆகியவற்றிலிருந்து விலகியிருங்கள். கனலைத் தனியே விட்டுச் செல்லாதீர்கள்.

5. கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா நோயாளி, முதியோர் ஆகியோரைப் புகைபோடும் அறையில் வைக்காதீர்கள். கூண்டுக் கிளிக்கும் இது பொருந்தும்.

6. முடிந்தபின் கனலை நீரில் அமிழ்த்துங்கள். சாம்பலுக்குள் கனல் பல மணிநேரம் உயிரோடிருக்கும். ஆறியதென நம்பிக் குப்பைத்தொட்டியில் கொட்டாதீர்கள்.

7. தலைசுற்றல் தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து 108-ஐ அழையுங்கள். தீ பரவினால் அனைவரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

ஆயிரம் ஆண்டுகளாகக் கடல் கடந்து வந்த மணம் இது. நத்தர்வலி தர்கா வாசலிலும் ஸ்ரீரங்கத்து வீதியிலும் அது தொடர்ந்து கமழட்டும். நம் மூத்தோர் புகையை மட்டும் நமக்குத் தரவில்லை; கனலை முற்றத்திற்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் பழக்கத்தையும் சேர்த்தே தந்தனர். முற்றம் இல்லாத வீடுகளில் வாழும் நாம் அப்பழக்கத்தை மறவாதிருப்போம். இவ்வார வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்முன் சன்னலைத் திறப்பதிலிருந்து தொடங்குவோம். இறைவன் நம் இல்லங்களையும் பிள்ளைகளையும் காத்தருள்வானாக.