புட்டியில் புதைத்தவர், சட்டியில் புதைத்தவர்

களை பறித்துச் சுத்தமாக்கிய நிலம் அடுத்த மழைக்கே மறுபடி பச்சை கட்டிவிடுகிறது. காற்று கொண்டுவந்ததா, எருவோடு வந்ததா என்று யோசிக்கிறோம். பல சமயம் அது என்றைக்கோ உதிர்ந்து, உழவில் கீழே போய், காத்துக் கிடந்த விதை. அப்படி எத்தனை ஆண்டு காத்துக் கிடக்கும்? விடை தேடி அமெரிக்காவில் இரண்டு பேர், 23 ஆண்டு இடைவெளியில், விதைகளை மண்ணுக்குள் புதைத்தார்கள்.

முதலாமவர் வில்லியம் ஜேம்ஸ் பீல், மிச்சிகன் வேளாண் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர். 1879 இலையுதிர் காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட செடி வகைகளைத் தேர்ந்து, புட்டி ஒவ்வொன்றுக்கும் வகைக்கு 50 விதை எண்ணி, ஈர மணலில் கலந்து 20 புட்டிகளில் நிரப்பினார். நம் கொல்லையில் தானாக முளைக்கும் பருப்புக்கீரையும் கருங்கடுகும் அவற்றில் உண்டு. புட்டிகளை மூடவில்லை, மழைநீர் தேங்காதபடி வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்துச் சுமார் 20 அங்குல ஆழத்தில் வைத்தார். ஐந்தாண்டுக்கு ஒரு புட்டி என்பது அவர் கணக்கு. பின்வந்தவர்கள் 1920க்குப் பிறகு பத்தாண்டுக்கு ஒன்று, 1980க்குப் பிறகு இருபதாண்டுக்கு ஒன்று என்று கையை இறுக்கிக்கொண்டார்கள். கடைசிப் புட்டி 2100ஆம் ஆண்டுக்கு.

இரண்டாமவர் டூவெல், அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர். 1902இல் வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் பண்ணையில் 107 வகை விதைகளை மண்ணோடு கலந்து பூச்சட்டிகளில் இட்டு 8, 22, 42 அங்குலம் என மூன்று ஆழங்களில் புதைத்தார். பயிர் விதைகளையும் களை விதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் என்பதே எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த இடம். முதலாண்டில் தோண்டி எடுத்தபோதே கோதுமை, மக்காச்சோளம், ஓட்ஸ், பார்லி எதிலும் உயிர் இல்லை. 39 ஆண்டு கழித்து எடுத்த ஊமத்தை வகையோ நூற்றுக்குத் தொண்ணூறு முளைத்தது. மணத்தக்காளி இனம் எண்பதுக்கு மேல். நாம் தலைமுறை தலைமுறையாக, விதைத்தவுடன் ஒன்றுபோல முளைக்கும் தானியத்தையே பொறுக்கி வந்திருக்கிறோம். தூங்கும் குணம் அதற்கு அற்றுப்போனது. களைக்கு அந்தக் குணம்தான் சொத்து.

டூவெலின் கணக்கில் இன்னொரு வரி என்னை நிறுத்தியது. மூன்றாம் ஆண்டில் முளைத்தவை 61 வகை. ஆறாம் ஆண்டில் 68. குறைய வேண்டியது கூடியிருக்கிறது! முளைக்காத விதை செத்த விதை ஆகாது. உறங்கும் விதைக்குச் சூடும் குளிரும் ஒளியும் ஈரமும் அதனதன் அளவில் சேர்ந்து வர வேண்டும். பீலின் புட்டிகளிலும் இதே கதைதான். 80ஆம், 90ஆம் ஆண்டுகளில் தலைகாட்டாத மால்வா என்ற செடி, 100ஆம் ஆண்டுப் புட்டியில் ஒன்று முளைத்தது.

புகழ் பீலுக்கே போயிற்று. அதில் நியாயமும் இருக்கிறது. 1960இல் மூன்று வகைதான் முளைத்தன. பத்தாண்டு கழித்து வெர்பாஸ்கம் பிளாட்டேரியா என்ற ஒரே செடி. அது 2000ஆம் ஆண்டில் 50க்கு 23 முளைத்தது. 2021 ஏப்ரலில், விதைகள் மேல் வெளிச்சம் பட்டுவிடக் கூடாதென்று, விடியுமுன் இருட்டில் தோண்டினார்கள். அப்போதும் 20 விதை எழுந்தன. 141 ஆண்டு! டி.என்.ஏ. சோதனையில் அவற்றுள் ஒன்று கலப்பினம் என்று தெரிந்தது. பீல் உயிரோடு இருந்த நாளில் மரபுச் செய்தியைத் தாங்குவது டி.என்.ஏ. என்றே யாருக்கும் தெரியாது.

ஆனால் உழுகிறவருக்கு யார் அதிகம் சொன்னார் என்று கேட்டால் நான் டூவெல் பக்கம் நிற்பேன். புட்டிக் கண்ணாடி, மண்ணின் புழுபூச்சியிலிருந்து விதையைக் காப்பாற்றியது. அதன் ஆயுளை வயலின் ஆயுளாக எடுத்துக்கொள்ள முடியாது. சட்டியோ மண்ணோடு மண்ணாக இருந்தது. ஆழமும் அவரிடம்தான் இருக்கிறது: பொதுவாக, ஆழத்தில் கிடந்த விதை மேலே கிடந்ததைவிட நெடுநாள் உயிர் தாங்கியது. களையை ஆழ உழுது புதைத்துவிட்டோம் என்று நிம்மதி அடைகிறவர் உண்மையில் அதைப் பத்திரப்படுத்தி வைக்கிறார். அடுத்த ஆழ உழவு அதை மேலே கொண்டுவந்து வெளிச்சம் காட்டும். பூக்குமுன் பறிப்பதற்கு ஈடான வேலை இல்லை என்று இந்தச் சட்டிகளைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

டூவெலின் சட்டிகளுக்குப் பீலின் புட்டிகளுக்குக் கிடைத்த காலம் கிடைக்கவில்லை. ஆர்லிங்டன் பண்ணை நிலம் ராணுவத் துறைக்குக் கைமாற, 1941இல் எடுத்ததே கடைசி. அப்போதும் 36 வகை உயிரோடு இருந்தன. மிச்சிகனில் இன்னும் நான்கு புட்டிகள் இருட்டில் சாய்ந்து கிடக்கின்றன. அடுத்ததை 2040இல் எடுப்பார்கள்.