ஓசோன் உடன்படிக்கை: செலவு யாருடையது?

குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன் வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என மொலினாவும் றோலண்டும் 1974இல் எச்சரித்தனர். 1985இல் அந்தாட்டிக்காவின் மேலே அப்படலம் பெரிதும் மெலிந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது.

இவ்வரலாறு பெரும்பாலும் விஞ்ஞானத்தின் வெற்றியாகவே சொல்லப்படுகிறது. ஆனால் இந்தியாவும் சீனாவும் அப்போது ஒப்பமிடவில்லை. இவ்வாயுக்களில் பெரும்பகுதியை வெளியிட்டவை செல்வந்த நாடுகளே. மாற்றுத் தொழில்நுட்பத்தின் விலையை வறிய நாடுகள் ஏன் சுமக்க வேண்டும் என அவை கேட்டன. 1990இல் இலண்டன் மாநாடு அதற்கென நிதியமொன்றை அமைக்க இணங்கிய பின்னரே, சீனா 1991இலும் இந்தியா 1992இலும் இணைந்தன. 2009இல் ஐ.நா. உறுப்பு நாடுகள் அனைத்தும் இணைந்தாயிற்று.

காலநிலைப் பேச்சுகள் இன்று இழுபடுவது ஏன் என்று வியப்போர் இந்த நிதியத்தின் கதையை முதலில் படிக்கட்டும்.