பைலாவும் கிட்டாரும்: இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை

இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை 1960களின் பிற்பகுதியில் எழுந்தது. அதற்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று பைலா. 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய போர்த்துக்கீசியர் தொடர்பும், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் ஆட்டமும் சேர்ந்து தந்த துள்ளல் பாட்டு அது; 1940களில் வாலி பாஸ்டியன் அதைச் சிங்கள மேடைக்கு ஏற்றினார். மற்றொன்று வானொலி. எல்விஸ் பிரெஸ்லியையும் கிளிஃப் ரிச்சர்டையும் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு வீடுகளுக்குள் கொண்டுவந்தது.

1960களின் நடுவில் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் குழு சிங்களப் பாட்டில் கிட்டாரை நிலைநிறுத்தியது. தமிழில் அந்த வழியைத் திறந்தவர்களில் முதன்மையானவர் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்ற அவருடைய பாட்டுகளில் யாழ்ப்பாணத்துப் பேச்சே மெட்டில் ஏறி நிற்கிறது. மாமியிடம் மகளை விசாரிக்கும் இளைஞனுக்கு இலக்கணத் தமிழ் தேவைப்படவில்லை. இந்தத் துணிச்சலே அவருடைய பெரிய பங்களிப்பு. தமிழகத்தில் அதற்குரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

கடல் தாண்டிப் பெயர் பெற்றவர் ஏ. இ. மனோகரன். ‘சிலோன் மனோகர்’ என்றால்தான் தமிழகத்தில் தெரியும். சிங்களமும் தமிழும் கலந்த ‘சுராங்கனி’ 1970களில் தென்னிந்தியக் கல்லூரி விழாக்களிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் ஒலித்தது. மீன் கொண்டுவந்த சேதி சொல்லும் சிங்கள வரிகளின் பொருள் பாடியவர்களில் பலருக்குத் தெரியாது. தாளமே போதுமானதாக இருந்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதைப் பயன்படுத்தினார். மலேசியா வாசுதேவன் பாடினார்.

தமிழகத்தில் இப்படித் தனி இசை வேர்விடாததற்கு முக்கியக் காரணம், மேற்கத்தியத் துள்ளலைத் திரைப்பாட்டே உள்வாங்கிக்கொண்டதுதான். 1950களில் அதைச் செய்துகாட்டிய ஜே. பி. சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்தாலும் கொழும்பில் வளர்ந்தவர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

மனோகரனும் திரைக்கு வந்தார். செங்கை ஆழியானின் நாவலிலிருந்து உருவான இலங்கைப் படம் ‘வாடைக்காற்று’வில் (1978) நடித்தார், பிறகு தமிழ், மலையாளப் படங்களில் வில்லன் வேடங்கள் ஏற்றார். 1983 ஜூலை வன்முறையும் அதைத் தொடர்ந்த போரும் இலங்கைத் தமிழ்க் கலைஞர்களைப் பல நாடுகளுக்குச் சிதறடித்தன. பொப்பிசை மேடையும் புலம்பெயர்ந்தது. நித்தி ஆஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார்.