கருப்பட்டிக்குள் ஒரு கரும்பு

கடலோர ஊரான மணப்பாட்டிலும் அதை ஒட்டிய குலசேகரப்பட்டினம், உடன்குடிப் பக்கத்திலும் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுப்பது பழைய வழக்கம். கோடையில் அதே கருப்பட்டி எலுமிச்சை, சுக்கு, ஏலக்காயோடு சேர்ந்து குளிர்ந்த பானகமாகும். கருப்பட்டி என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், "கறுப்பா இருக்குல்லா, அதான்" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

கருப்பட்டியின் முழு வடிவம் கருப்புக்கட்டி. இதில் உள்ள 'கருப்பு' நிறமா? நிறத்தைக் குறிக்கும் 'கறுப்பு'க்கு வல்லின றகரம் என்று எழுத்தை மட்டும் காட்டி வழக்கை முடித்துவிட முடியாது; கருமை, கரிய என்பவற்றில் இடையின ரகரம்தானே வருகிறது? சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. இரும்பு, பாதையோடு சேரும்போது இருப்புப்பாதை ஆகிறது. மருந்து, பையோடு சேர்ந்தால் மருத்துப்பை. மெல்லின எழுத்து வல்லினமாகும் இந்த வழியில்தான் கரும்பும் போகிறது. காமன் கையில் இருப்பது கருப்புவில். ஆலையில் பிழிவது கருப்பஞ்சாறு. இரண்டிலும் கறுப்பு நிறம் கிடையாது, கரும்புதான் இருக்கிறது. அப்படியானால் கருப்புக்கட்டி, கரும்பு போல் இனிக்கும் கட்டி என்று கொள்வதே பொருத்தம்.

இதற்கு யாழ்ப்பாணம் இன்னொரு சாட்சி தருகிறது. நாம் பதநீர் என்பதை அங்கே கருப்பநீர், பேச்சில் கருப்பணி, என்பார்கள். பதநீர் எப்படிப் பார்த்தாலும் கறுப்பாக இராது. இனிப்பால்தான் அது கருப்பநீர். நம் ஊர்க் கருப்பட்டிக்கு அங்கே பனங்கட்டி என்று பெயர். அதில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு பால் சேர்க்காத தேத்தண்ணியை உறிஞ்சுவது அவர்கள் பழக்கம்.

நாம் சொல்லும் 'பனங்கருப்பட்டி'யும் இதைத்தான் காட்டுகிறது. கருப்பட்டி என்றாலே பனையுடையது என்றால் முன்னால் 'பனம்' எதற்கு? தென்னங்கருப்பட்டி என்றும் ஒன்று உண்டே. கரும்பின் பெயரை மரத்துக்கு மரம் இரவல் கொடுத்திருக்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிச் சரக்கும் 'பனங்கருப்பட்டி' என்ற பெயரில்தான் பதிவாகியிருக்கிறது.

இரவல் ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு மண்ணே பதில் சொல்லும். கரும்புக்குத் தண்ணீர் பாயும் வயல் வேண்டும். மணப்பாட்டின் கடலோர மணலிலும் உள்ளே கிடக்கும் செம்மண் தேரியிலும் அதற்கு வழியில்லை. பனைக்கு அந்த மணலே போதும். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். அந்தப் பதநீரை விடிலி என்னும் ஓலைக் குடிசையில் பனை மட்டையும் ஓலையும் எரித்துக் காய்ச்சுவார்கள். இறுகத் தொடங்கும் பாகு கூப்பனி. அதை இன்னும் காய்ச்சித் துடுப்பால் கிண்டி, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. அதன் குவிந்த முதுகு சிரட்டை கொடுத்த வடிவம்.

இதே கரையில் இறங்கிய போர்த்துக்கீசியர்களும் இனிப்புக்கு ஒரு சொல் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் காலத்தில்தான், 1542இல், புனித சவேரியார் மணப்பாட்டுக்கு வந்தார். அந்த நூற்றாண்டில் சர்க்கரை என்ற சொல், மலையாளத்தின் சக்கரையாகப் போர்த்துக்கீசியர் வாயில் விழுந்து 'ஜாகரா' ஆனது. அதுவே ஆங்கிலத்தின் 'ஜாகரி'. வடமொழி 'சர்க்கரா' பாரசீகம், அரபு வழியாகப் போய் 'சுகர்' ஆனது தனிக் கதை. பனைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பல்மைரா'வும் சிரியாவின் பழைய நகரத்தைக் குறிப்பதல்ல. பனை வகை மரங்களுக்குப் போர்த்துக்கீசியர் வைத்திருந்த 'பல்மெய்ரா' அது.

சரி, குடிக்கும் பொருளுக்கு வருவோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் குளிர்ந்த தேநீர் செய்பவர்கள், தேநீர் சூடாக இருக்கும்போதே சீனியைக் கரைத்துவிடுவார்கள்; ஐஸ் விழுந்தபின் சீனி எளிதில் கரையாது. கருப்பட்டிக்கு இது இன்னும் பொருந்தும். தட்டி உடைத்து, மூழ்கும் அளவு தண்ணீரில் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் குடித்தால் மணல் பல்லில் நறநறக்கும். துணியில் சிரட்டை நார், ஓலைத் துணுக்கு, சில சமயம் ஓர் எறும்பு. வடித்த பாகு ஆறியதும் அடியில் மெல்லிய படிவு தங்கும். கலயத்துச் சுண்ணாம்பின் மிச்சம். அதை அசைக்காமல் தெளிவை இறுத்துக்கொண்டு, தண்ணீரும் எலுமிச்சையும் சுக்குத்தூளும் சேர்த்தால் பானகம். ஆறவைத்த கடுந்தேநீரில் ஊற்றி ஐஸ் போட்டால் நம் ஊர்க் குளிர்தேநீர். பால் மட்டும் வேண்டாம், கொதிக்கும் பாலில் கருப்பட்டி விழுந்தால் திரியலாம்.

இன்று சந்தையில் கருப்பட்டி வாங்குகிறவர்களின் பெரிய புகார், சீனிப்பாகு கலந்து காய்ச்சி விற்கிறார்கள் என்பது. சீனி, சீனத்தின் பெயரைத் தாங்கி வந்தாலும் சரக்கு கரும்பினுடையது. முன்பு பெயரை மட்டும் தந்த கரும்பு இப்போது சிரட்டைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பெயரைக் காட்டி அதை நியாயப்படுத்த முடியாது. பனையின் இனிப்புக்கு அளவுகோலாகத்தான் முன்னோர் கரும்பை அழைத்தார்கள்; கலப்படத்துக்கு யாரும் அழைக்கவில்லை.