பெண் கலைஞர்கள்: கலை வரலாறு தவறவிட்ட கையொப்பங்கள்

துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலுக்கு ஹிஜ்ரி 410இல் (கி.பி. 1020) ஒரு குர்ஆன் பிரதி வக்ஃபு செய்யப்பட்டது. ஒரு பக்கத்திற்கு ஐந்தே வரிகள். கூரிய கோணங்களுடன் ஓங்கி நிற்கும் எழுத்துகள். இஸ்லாமிய எழுத்தணிக் கலையின் சிகரங்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்படும் இப்பிரதியின் ஏடுகள் இப்போது பல நாடுகளின் அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. இதை எழுதச் செய்தவர் ஸீரித் அரச குடும்பத்தின் செவிலித்தாயான ஃபாத்திமா. ஆகவே இதற்குச் 'செவிலியின் குர்ஆன்' என்றே பெயர். எழுதி, குறியிட்டு, பொன்தீட்டி, கட்டமைத்தவர் அலீ இப்னு அஹ்மத் அல்வர்ராக் என்று அதன் முடிவுரைக் குறிப்பு கூறுகிறது. இப்பணி 'துர்ரா எனும் பெண் எழுத்தரின்' பொறுப்பில் நிறைவேறியது என்றும் அதே குறிப்பு சேர்த்துச் சொல்கிறது.

அந்த ஒற்றைக் குறிப்பு எழுதப்படாமல் போயிருந்தால், துர்ரா என்றொருவர் வாழ்ந்தார் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. கலை வரலாற்றில் பெண்களின் இடம் பற்றிய விவாதம் முழுவதும் இந்தப் புள்ளியில்தான் சுழல்கிறது: படைத்தவர் இருந்தார், பெயர் பதியப்பட்டதா? பதிந்த பெயரைப் பின்வந்தோர் படித்தார்களா?

ஐரோப்பாவின் அனுபவத்தை முதலில் பார்ப்போம். ஹாலந்தின் ஹார்லெம் நகரில் வாழ்ந்த ஜூடித் லெய்ஸ்டர் (1609–1660) 1633இல் அந்நகர ஓவியர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டவர். மறைவுக்குப் பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் அவர் பெயர் மறைந்தே போயிற்று. அவர் ஓவியங்கள் அழிந்துவிடவில்லை. ஃபிரான்ஸ் ஹால்ஸின் படைப்புகள் என்று விலைபோயின. 1893இல் ஹாஃப்ஸ்டெட் டி குரூட் என்ற அறிஞர், ஹால்ஸின் படைப்பென விற்கப்பட்ட ஓவியம் ஒன்றில் வேறொரு முத்திரை இருப்பதைக் கண்டார்: ஜூடித்தின் பெயர் முதலெழுத்துகளும் ஒரு விண்மீனும். வழிகாட்டும் விண்மீன் என்பது அவர் குடும்பப் பெயரின் பொருள். ஹால்ஸ் என்ற பெயருக்குச் சந்தையில் விலை இருந்தது. லெய்ஸ்டர் என்ற பெயருக்கு இல்லை.

நூல்களும் இம்மறதிக்குத் துணைபோயின. 1550இல் வெளிவந்த வசாரியின் புகழ்பெற்ற கலைஞர் வரலாறு, சிற்பி ப்ரோபெர்ஸியா தெ ரோஸ்ஸியைத் தனித்துக் குறிப்பிட்டது. நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் 1950இல் கோம்ப்ரிச் எழுதிய கலை வரலாற்றின் முதற்பதிப்பிலோ, 1962இல் ஜான்ஸன் எழுதிய பாடநூலிலோ ஒரு பெண் கலைஞரும் இல்லை. ஜான்ஸன் நூலில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 1986ஆம் ஆண்டுப் பதிப்பில்தான்.

1971இல் அமெரிக்க ஆய்வாளர் லிண்டா நோக்லின், மாபெரும் பெண் கலைஞர்கள் ஏன் தோன்றவில்லை என்ற கேள்வியைத் தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார். மறந்துபோன நான்கு பெயர்களை எடுத்துக்காட்டுவது போதுமான விடையாகாது என்பது அவர் நிலைப்பாடு. கலை வளர்வது பயிற்சிக்கூடங்களாலும் அமைப்புகளாலும்; அவற்றின் கதவுகள் பெண்களுக்கு அடைபட்டிருந்தன என்பதே அவர் தந்த விளக்கம். 1768இல் நிறுவப்பட்ட லண்டன் அரச கலைக்கழகத்தின் நிறுவன உறுப்பினர்களில் ஏஞ்செலிகா கௌஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண்கள் இருந்தனர். ஆனால் உடலமைப்பு வரைபயிற்சி நடக்கும் அறையில் உறுப்பினர்கள் கூடியிருப்பதாக ஸோஃபனி வரைந்த ஓவியத்தில் அவ்விருவரும் சுவரில் தொங்கும் படங்களாக மட்டுமே காட்சி தருகின்றனர். அவர்களுக்குப் பின் முழு உறுப்பினராக ஒரு பெண் தேர்வானது 1936இல். நோக்லின் முன்வைத்த வாதத்தின் தொடர்ச்சியாகவே ஜெர்மைன் கிரீர் (1979), பார்க்கர்–பொல்லாக் (1981) ஆகியோரின் நூல்கள் தொடங்கி 2022இல் வெளிவந்த கேட்டி ஹெஸ்ஸலின் நூல்வரை ஒரு நூல்வரிசையே உருவாயிற்று.

இந்த அளவுகோலை நம் மரபின்மீது வைத்துப் பார்த்தால் சிந்தனைக்குரிய உண்மை ஒன்று புலப்படுகிறது. எழுத்தணிக் கலைக்குக் கலைக்கழகம் தேவைப்படவில்லை. ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர், நாணல் எழுதுகோல், காகிதம், தேர்ச்சி பெற்றபின் இஜாஸா என்னும் அனுமதி. வீட்டின் நடுமுற்றமே பள்ளி. எனவே தந்தையிடமோ, கணவரிடமோ, நன்மதிப்புள்ள ஆசிரியரிடமோ பெண்ணும் கற்க வழியிருந்தது.

பக்தாதில் ஹிஜ்ரி 480இல் (1087) மறைந்த ஃபாத்திமா பின்த் அல்ஹஸன், இப்னுல் பவ்வாபின் எழுத்துமுறையில் கைதேர்ந்தவர். பைஸாந்தியப் பேரரசருக்கு அனுப்பவேண்டிய உடன்படிக்கையை எழுதும் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர் எழுதிய ஒரு தாளுக்கு அமைச்சர் அல்குந்துரீ ஆயிரம் தீனார் வழங்கியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஹிஜ்ரி 574இல் (1178) மறைந்த ஷுஹ்தா, 'அல்காதிபா' என்றே புகழ்பெற்றவர். ஹதீஸ் ஆசிரியராக இப்னுல் ஜவ்ஸீ போன்றோருக்கும் பாடம் சொன்னவர். இப்னுல் பவ்வாபிலிருந்து யாகூத் அல்முஸ்தஃஸிமி வரை இறங்கும் எழுத்தணி ஆசிரியர் வரிசையில் ஷுஹ்தாவை ஒரு கண்ணியாக வைத்துக் கூறும் மரபும் உண்டு. இஸ்தான்புல்லின் எஸ்மா இப்ரத், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோற்றத்தையும் பண்பையும் சொற்களால் வடிக்கும் ஹில்யாவை 1795இல் எழுதியபோது வயது பதினைந்து. அவருடைய ஆசிரியர் மஹ்மூத் ஜலாலுத்தீன் பின்னாளில் அவர் கணவரானார்.

இவர்களை நாம் அறிவது நம் முன்னோர் பெயர்களைப் பதிந்து வைத்ததால்தான். அஸ்ஸகாவீ (மறைவு ஹிஜ்ரி 902/1497) தம் நூற்றாண்டின் சான்றோர் வரலாற்றில் இறுதித் தொகுதி முழுவதையும் பெண்களுக்கே ஒதுக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குறித்தார்.

ஆயினும் இதைக் கொண்டு பெருமிதத்தில் ஓய்ந்துவிடுவது நேர்மையாகாது. பதிவானோர் பெரும்பாலும் அறிஞர் இல்லங்களையும் அரண்மனைகளையும் சார்ந்தவர்கள். ஓவியத்துறையில் சான்று மேலும் அரிது. ஜஹாங்கீரின் குல்ஷன் ஓவியத் தொகுப்பு இன்று தெஹ்ரானின் குலிஸ்தான் அரண்மனையில் இருக்கிறது. அதில் நாதிரா பானு, ஸஹீஃபா பானு போன்ற சில பெயர்களே எஞ்சியுள்ளன. நாதிரா, மீர் தகீயின் மகள், ஆகா ரிஸாவின் மாணவி என்னும் குறிப்போடு முடிகிறார். அவருடைய வாழ்வு பற்றி ஒரு வரியும் இல்லை. அண்மைக்காலத்திலும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. 1947இலேயே பெய்ரூத்தில் அரூப ஓவியங்களைக் காட்சிக்கு வைத்த ஸல்வா ரவ்தா ஷுகைர் (1916–2017), லண்டன் டேட் மாடர்னில் தனிக்காட்சி காண 2013வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்னொரு தடையும் உண்டு. சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவது கலை, கையால் நெய்து விரிப்பது கைத்தொழில் என்ற பாகுபாடு அது. இப்பாகுபாட்டை ஏற்றால் கம்பளமும் பூத்தையலும் கலை வரலாற்றின் வாசலுக்கு வெளியே நின்றுவிடும். அவற்றோடு பெண்களில் பெரும்பாலோரும். இதைத் தொலைவில் தேடவேண்டியதில்லை. நெல்லைச் சீமையின் பத்தமடையில் கோரையை மயிரிழை போல் கிழித்துப் பட்டுப்போல் மென்மையான பாய் நெய்பவர்களில் பெரும்பாலோர் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள். அப்பாய்களை ஊர்ப்பெயரால் உலகமே அறியும். நெய்தவரின் பெயரை எந்தப் பாயும் சொல்வதில்லை.

நம்மால் செய்யக்கூடியது பெரிய காரியமன்று. பழைய ஏடுகள் உள்ள இல்லங்களிலும் மத்ரஸா நூலகங்களிலும் முடிவுரைக் குறிப்புகளைப் பொறுமையாகப் படிக்கலாம்; பாய் வாங்கும்போது நெய்தவர் யார் என்று கேட்டுக் குறித்து வைக்கலாம். கைரவானில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் அப்படி ஒரு வரி எழுதினார். துர்ராவை நாம் அறிந்திருப்பது அந்த வரியால்தான்.